பக்கத்துக்கு ஐந்து சென்டிமீட்டர்

ஜூலை 6

மாமாவுக்கு,

வணக்கம். போன் பண்ணாதீர்கள் என்று சொன்னது நான்தான். சொன்ன பிறகு நீங்கள் ஒரு தடவைகூடப் பண்ணவில்லை. சொன்ன சொல்லைக் கேட்பதில் உங்களை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் என் நிலைமையையும் யோசித்துப் பாருங்கள். எடுத்தால் "நான்தாம்மா" என்பீர்கள். பிறகு மூன்று நிமிடம் மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்கும். பிறகு "சரி, வச்சிடட்டுமா?" உங்கள் மகன் இருந்தபோது அந்த மௌனத்தை அவர் பேசியே நிரப்பிவிடுவார். எனக்கு அது வரவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஜீப்பை விற்கப் போகிறேன். அவர் போய் ஆறு மாதம் ஆகிறது. மலையும் மண் சாலையுமாக ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய் எக்ஸ்ரே எந்திரங்களைப் பழுது பார்த்த மனிதருக்கு அது தேவைப்பட்டது. வீட்டிலிருந்து லேபுக்குப் பத்து நிமிடத்தில் நடந்து போய்விடுகிற எனக்கு எதற்கு? கோழிப் பண்ணை வைத்திருக்கும் ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். செப்டம்பர் ஐந்தாம் தேதி எடுத்துக்கொள்வார்.

ஷெட்டைக் காலி செய்தபோது சுவரோரம் ஒரு நீளமான அட்டைப் பெட்டி இருந்தது. ஜீப்பின் கூரைமேல் பொருத்தும் கேரியர். இருப்பதிலேயே மலிவான வகை. பெட்டியின்மேல் உங்கள் எழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது: "கூரை அகலம், விளிம்புக்கு விளிம்பு, 132 செ.மீ. சரிபார்க்கப்பட்டது." அடியில் இரண்டு கோடு, உங்கள் சுருக்கொப்பம், போன வருடம் ஜூன் மாதத் தேதி.

இதை எதற்கு வாங்கினார் என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் வரைந்த அணையை உங்களுக்குக் காட்ட வேண்டும் என்று மூன்று வருடம் கேட்டார். கடைசியில், "தரையில படுக்க முடியாது, என் கட்டில் ஜீப்ல ஏறாது" என்றீர்கள். அந்தக் கட்டிலை ஏற்றத்தான் இது.

பெட்டியை ஜீப்போடு கொடுத்துவிடவா, பழைய இரும்புக்குப் போடவா? ஒரு வரி எழுதினால் போதும்.

உங்கள் மருமகள்

*

ஜூலை 11

அன்புள்ள மருமகளுக்கு,

ஒரு வரி போதும் என்று எழுதியிருந்தாய். ஒரு வரியில் எழுத முயன்று மூன்று தாள்களைக் கிழித்துவிட்டேன். இது நான்காவது. இதையும் படித்துப் பார்த்தால் கிழிக்கத் தோன்றும் என்பதால், படிக்காமலே தபாலில் போட உத்தேசம்.

நீ போனைப் பற்றி எழுதியது முழுக்க நியாயம். உன்னோடு பேச விஷயங்கள் இருந்தன. பேசுவதற்கு முன் அவற்றை ஒழுங்கு செய்துகொள்ள நினைப்பேன். அதற்குள் நேரம் போய்விடும். எழுத்தில் அடித்துத் திருத்தலாம், பேச்சில் முடிவதில்லை.

நீர்ப்பாசனத் துறையின் வரைபடப் பிரிவில் முப்பத்தோரு வருடம் இருந்தேன். அந்த அணையின் மதகுகளைத் தாளில் வரைந்தவன் நான். ஆனால் அதை நேரில் பார்த்ததில்லை. அவனுக்கு அது ஒரு பெரிய குறையாகப் பட்டது. "ஒருத்தர் புள்ளைய பெத்துட்டு முகத்தப் பாக்காம இருப்பாராப்பா?" என்பான். நான், "ரோடு சரியில்ல, பார்க்கலாம்" என்பேன்.

போன வருடம் ஜூனில் அவன் ஜீப்போடு இங்கே வந்தது உனக்கு நினைவிருக்கும். நீ வரவில்லை, லேபில் விடுப்பு கிடைக்கவில்லை. வாசலில் நின்று, "கேரியர் வாங்கப் போறேன். நீங்களே அளந்துடுங்கப்பா. நான் அளந்தா எப்படியும் நீங்க மறுபடி அளப்பீங்க, எதுக்கு ரெண்டு வேலை?" என்று சிரித்தான். நான் ஸ்டூல் போட்டு ஏறி அளந்தேன். அவன் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டான்.

அதுதான் அவன் இங்கே கடைசியாக வந்தது. பிறகு ஏழு மாதம் வரவே இல்லை. போனில், "வேலை அதிகம்பா" என்று முடித்துவிடுவான். நான் வர மறுத்துக்கொண்டே இருந்ததில் அவனுக்கு மனம் விட்டுப்போய்விட்டது என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். நீ அவனோடு இருந்தவள். அப்படி இல்லை என்றால் சொல். அப்படித்தான் என்றாலும் சொல்லலாம்.

ஒரு வேண்டுகோள். பெட்டியை யாருக்கும் கொடுத்துவிடாதே. அதை வாங்கியவன் ஏன் பொருத்தாமல் வைத்தான் என்று தெரியவில்லை. உள்ளே உள்ள குறிப்புத்தாளைப் பார்த்து, எல்லாப் பாகமும் இருக்கின்றனவா என்று எழுது. கூடவே கேரியர் கம்பியின் நீளத்தையும், கூரையின் இரு ஓரத்திலும் மழைநீர் வடிய ஒரு விளிம்பு இருக்கிறதே, அந்த விளிம்புகளுக்கு இடையிலான அகலத்தையும் அளந்து அனுப்பு. இரண்டு முறை அள. சிரமம் என்றால் வேண்டாம்.

உன் மாமா

*

ஜூலை 17

மாமாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஷெட்டில் உட்கார்ந்து உங்கள் பரீட்சையை எழுதி முடித்தேன். ரத்தத்தில் அணுக்களை எண்ணுகிறவளுக்குப் போல்ட் எண்ணுவது பெரிய வேலை இல்லை.

குறிப்புத்தாளில் உள்ள படத்தில் ஒரு மனிதன் தனியாகவே, சிரித்துக்கொண்டே, பதினைந்து நிமிடத்தில் பொருத்திவிடுகிறான். நம் வீட்டில் அப்படி ஒருவரும் இல்லை. நீளக் கம்பி இரண்டு, குறுக்குக் கம்பி ஐந்து, விளிம்பைக் கவ்வுகிற கால்கள் நான்கு, போல்ட் இருபத்து நான்கு, நட்டும் அதே கணக்கு. வாஷர் மட்டும் இரண்டு குறைவு. குறுக்குக் கம்பிகள் எல்லாம் ஏற்கெனவே ஒரு முறை மாட்டிக் கழற்றப்பட்டவை. ஸ்பேனர் பட்ட தடம் இருக்கிறது. பெட்டியைப் பிரித்து மறுபடி ஒட்டியிருக்கிறார்.

தாளில் இல்லாத ஒன்றும் இருந்தது. செய்தித்தாளில் சுற்றிய நான்கு இரும்புத் தகடுகள். உள்ளங்கை அகலம், நல்ல கனம், கறுப்புப் பெயின்ட். கேரியருக்கு அடித்திருக்கிற அதே கறுப்பு. இரண்டில் நான்கு நான்கு ஓட்டைகள். மற்ற இரண்டில் ஓட்டைக்குப் புள்ளி மட்டும் வைத்திருக்கிறது. வேறு ஒன்றும் இல்லை.

குறுக்குக் கம்பி 132. உங்கள் சீட்டில் இருப்பதுதான். கூரை அகலம் 142. நீங்கள் சொன்னபடி இரண்டு முறை அளந்தேன். பிறகு மூன்றாவது முறையும் அளந்தேன்.

ஏழு மாதம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அவர் உங்கள்மேல் கோபமாக இருந்து நான் பார்த்ததில்லை.

உங்கள் மருமகள்

*

ஜூலை 22

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. நீ அளந்ததில் தவறு இருக்காது. மூன்று முறை அளந்ததாக எழுதியிருக்கிறாய். மூன்றாவது முறை ஏன் என்று எனக்குப் புரிந்தது.

என் டேப்பை எடுத்துப் பார்த்தேன். அதன் நுனியில் உள்ள கொக்கி தேய்ந்து ஆடும். அதனால் நான் எப்போதும் நுனியில் பிடிக்காமல், பத்தாம் சென்டிமீட்டர் கோட்டில் பிடித்துத்தான் அளப்பேன். வருகிற எண்ணில் பத்தைக் கழித்துவிடுவேன். அலுவலகத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்தோம். நல்ல பழக்கம், கழிக்க மறக்காத வரைக்கும்.

நான் மறக்கவில்லை அம்மா. மறந்திருந்தால் 152 என்று எழுதியிருப்பேன். கம்பி நீளமாகப் போயிருக்கும், அறுத்துக்கொள்ளலாம். அன்று ஸ்டூலில் நின்றபடியே 152-இல் பத்தைக் கழித்து, மனதில் 142 என்று வைத்துக்கொண்டேன். கீழே இறங்கிச் சீட்டு எழுதும்போது, "கழித்தேனா?" என்று ஒரு சந்தேகம். கழிக்காமல் விட்டிருந்தால் என்ன ஆவது என்று பயந்து, இன்னொரு முறை பத்தைக் கழித்தேன். அதன் பிறகு "சரிபார்க்கப்பட்டது" என்று எழுதி இரண்டு கோடு போட்டேன்.

மறுபடி ஏறி அளந்திருக்கலாம். அவன் ஸ்டூலைப் பிடித்தபடியேதான் நின்றிருந்தான். அவனை இன்னொரு முறை நிற்க வைக்க வேண்டாம் என்று நினைத்தேன்.

அந்த நான்கு தகடுகள் என்ன என்று உனக்குத் தெரிந்திருக்கும். குறையும் பத்தை இரண்டு பக்கமும் பிரித்தால் பக்கத்துக்கு ஐந்து. அவன் கண்டுபிடித்திருக்கிறான். எனக்குச் சொல்லவில்லை.

"வேறு ஒன்றும் இல்லை" என்று எழுதியிருக்கிறாய். நீ பொதுவாக அப்படி எழுதுகிறவள் இல்லை.

மாமா

*

ஜூலை 29

மாமாவுக்கு,

வேறு ஒன்று இருந்தது. அன்றைக்கே பார்த்தேன். எழுதவில்லை. அவர் வேண்டாம் என்று சொன்னதை நான் சொல்லலாமா என்று தெரியவில்லை. நீங்களாகவே கண்டுபிடித்த பிறகு மறைத்து என்ன?

தகடு சுற்றியிருந்த தாளின் ஓரத்தில் அவர் எழுத்து: "142. பக்கத்துக்கு 5. பெட்டியோடு வந்த மாதிரியே இருக்க வேண்டும். அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்."

ஒரு தகட்டை அந்தச் செய்தித்தாளோடு எடுத்துக்கொண்டு, அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் போய் உட்காருகிற வெல்டிங் பட்டறைக்குப் போனேன். அங்கே என்ன செய்கிறார் என்று நான் கேட்டதே இல்லை. சிநேகிதர், பேசிக்கொண்டிருப்பார்கள் என்று விட்டுவிட்டேன். பட்டறைக்காரர் தகட்டைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்தார்.

"மொதல்ல மெல்லிசு தகடு போட்டோம்மா, வளைஞ்சிடுச்சு. அப்புறம் கம்பியோட சேத்து வெல்டு அடிச்சிக் குடுத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு. ஒத்துக்கலையே! 'எங்கப்பா விரல வச்சி தடவிப் பாப்பார், வெல்டு வச்ச எடம் தெரிஞ்சிடும், கழட்டு'ன்னுட்டார். கம்பெனி தகடு மாதிரியே வேணுமாம், பெயின்டும் அதே பெயின்டாம். ஏன்யா, சொல்லிட்டுப் போறது, பத்து சென்டிமீட்டர் தப்பு, உலகம் முழுகிடுச்சான்னு கேட்டேன். 'உனக்கு எங்கப்பாவத் தெரியாது. இதச் சொன்னா அவர் இனிமே டேப்பையே தொட மாட்டார்'னார்."

வாரம் முழுக்க ஊர் சுற்றுகிற மனிதருக்குக் கிடைத்தது ஞாயிறு மட்டும்தான். அதில் பாதி நாள் பட்டறையில் மின்சாரம் இருக்காது. ஜனவரியில் இன்னும் இரண்டு தகடுகளுக்கு ஓட்டை போட வேண்டியிருந்தது. அந்த மாதம் ஒரு புதன்கிழமை காலையில் ஷூ மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை.

ஏழு மாதம் ஏன் வரவில்லை என்று கேட்டீர்கள். கேரியர் இல்லாமல் ஜீப்பைக் கொண்டு வந்து நிறுத்தினால், "பொருந்திச்சா?" என்று கேட்பீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல அவருக்கு வராது. அவ்வளவுதான் காரணம். நான் உங்கள்மேல் வைத்திருந்த கோபமெல்லாம் அவர் பெயரில் நான் வைத்துக்கொண்டது. அவருக்கு அது இருந்ததே இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அணைக்கு வர முடியாததற்கு நீங்கள் வரிசை எண் போட்டுப் பதினான்கு காரணங்கள் எழுதி அனுப்பினீர்களே, அந்தத் தாள் அவர் மேசை இழுப்பறையில் இருந்தது. பதிமூன்றை ஒவ்வொன்றாக அடித்திருக்கிறார். "7. வழியில் மருந்துக் கடை இருக்காது" என்பதற்கு எதிரே, "பை நிறைய வாங்கியாச்சு" என்று எழுதியிருக்கிறார். "11. குளிர்" என்பதற்கு எதிரே, "அப்பா, ஸ்வெட்டர் என்று ஒன்று இருக்கிறது." கட்டில் மட்டும் அடிக்கப்படாமல் இருக்கிறது.

உங்கள் மருமகள்

*

ஆகஸ்ட் 13

மாமாவுக்கு,

பதினைந்து நாள் ஆயிற்று. தபால்காரர் என்னைப் பார்த்தாலே, "இன்னைக்கும் இல்லம்மா" என்கிறார், அவர் செய்த குற்றம்போல.

நான் எழுதியிருக்கக் கூடாதோ என்று ஒரு நாள் தோன்றுகிறது. எழுதத்தான் வேண்டும் என்று மறுநாள் தோன்றுகிறது. அவர் சொல்லாமல் விட்டதற்கு என்ன கிடைத்தது? ஏழு மாதம் நீங்கள் இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தீர்கள். நான் சொல்லிவிட்டேன். இப்போது நீங்களும் நானும் அதையேதான் செய்துகொண்டிருக்கிறோம்.

செப்டம்பர் ஐந்தாம் தேதி ஜீப் போய்விடும். எனக்கு மலைப் பாதையில் ஓட்டத் தெரியும், அவர்தான் பழக்கினார். ஜீப் போவதற்குள் நீங்கள் வந்தால் அணைக்குக் கூட்டிப் போகிறேன். மூன்று வருடம் அவரிடம் சொன்ன பதிலை என்னிடமும் சொல்வதென்றால், அதையாவது எழுதிச் சொல்லுங்கள்.

உடம்பு நன்றாக இருக்கிறதா?

உங்கள் மருமகள்

*

ஆகஸ்ட் 18

அன்புள்ள மருமகளுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. சமைக்கிறேன், சாப்பிடுகிறேன். வாசலில் ஜீப் நின்ற இடத்தைக் காலையில் கொஞ்ச நேரம் பார்ப்பேன். டேப்பை எடுக்கவில்லை. அவன் சரியாகத்தான் சொல்லியிருக்கிறான்.

உன்னிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் ஜீப்பில் ஏறினால் அது நியாயமாகாது.

கட்டில் ஒரு சாக்கு. என் இடுப்புக்குத் தரை ஒத்துக்கொள்ளாது என்று வைத்தியர் யாரும் சொல்லவில்லை. பதிமூன்று காரணங்களையும் அவன் தீர்த்துவிடுவான் என்று எனக்குத் தெரியும். ஆறடி இரும்புக் கட்டிலை அவனால் தீர்க்க முடியாது என்று நினைத்துத்தான் அதைக் கடைசியில் எழுதினேன். அவன் அதையும் தீர்க்கக் கிளம்பினான். நான் ஸ்டூல்மேல் ஏறி, அதற்கு அளவும் எடுத்துக் கொடுத்தேன்.

நான் பயந்தது பாதைக்கு அல்ல, அணைக்கு. வேலையில் சேர்ந்த மூன்றாம் வருடம் ஐந்தாம் மதகுக்கு நான் தனியாக வரைந்து கொடுத்தேன். கதவு ஏறி இறங்கும் பள்ளத்தின் அகலம் அதில் இருந்தது. கதவின் கனத்தோடு இரு பக்கமும் கொஞ்சம் இடைவெளி சேர்க்க வேண்டும். தாள் வேலை நடக்கும் இடத்துக்குப் போன மறுநாள், அந்த இடைவெளியைச் சேர்த்தேனா, ஒரு பக்கத்துக்கு மட்டும் சேர்த்தேனா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. மேலதிகாரியிடம் கேட்டிருந்தால் பிரதியை எடுத்துப் பார்த்திருப்பார். ஐந்து நிமிட வேலை. கேட்டால் என் வேலையையே சந்தேகப்படுவார்கள் என்று இருந்துவிட்டேன். பிறகு பதவி உயர்வு வந்தது. அதற்குப் பிறகு எப்படிக் கேட்பது?

நாற்பத்தைந்து வருடமாக மழைக்காலத்தில் செய்தித்தாளைப் பயத்தோடுதான் பிரிக்கிறேன். அணைக்கு எதுவும் ஆனதாகச் செய்தி வந்ததில்லை. ஆனால் ஒரு மதகு ஒழுகுகிறது என்று யார் செய்தி போடப் போகிறார்கள்? உன் மாமியார் இருந்தவரை அவளிடம்கூட இதைச் சொன்னதில்லை. அவனிடம் இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பான். சிரித்து, அன்றைக்கே என்னைத் தூக்கி ஜீப்பில் போட்டிருப்பான்.

இருபத்து நான்காம் தேதி காலை ரயிலில் வருகிறேன். கட்டிலும் வருகிறது. சரக்குப் பெட்டியில் ஏற்றுவதற்குச் சீட்டு வாங்கிவிட்டேன். அது சாக்கு என்று தெரிந்தும் ஏன் கொண்டு வருகிறீர்கள் என்று நீ கேட்கலாம். அவன் அதற்காகத்தான் வேலை செய்தான். வேறு விதமாக எனக்கு யோசிக்கத் தெரியவில்லை.

மிச்சம் இரண்டு தகடுகளுக்கும் ஓட்டை நான் போடலாமா? பட்டறைக்காரரிடம் கேட்டு வை. அவருக்கு ஆட்சேபணை இருந்தால் வேண்டாம்.

மாமா

*

செப்டம்பர் 2

அன்புள்ள மருமகளுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக் கொடுத்த சாப்பாட்டை வழியிலேயே சாப்பிட்டுவிட்டேன், வீணாக்கவில்லை.

நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும், நீயும் இருந்தாய். இருந்தும் எழுதுகிறேன். ஜீப்பில் பதினொரு மணி நேரம் உன் பக்கத்தில் உட்கார்ந்து நான் பேசியது மொத்தம் இருபது வாக்கியம் இருக்கும். அதிலும் பாதி, "பாத்துப் போம்மா."

பட்டறையில் நான் டிரில்லைப் பிடித்த விதத்தைப் பார்த்துப் பட்டறைக்காரர், "பெரியவரே, அது டிரில்லு, பேனா இல்ல. அழுத்திப் புடிங்க" என்றது இன்னும் காதில் இருக்கிறது. அதற்கு முன் நான் அளந்துகொண்டே இருந்ததைப் பார்த்து, "இப்படி அளந்தா தகடு தேஞ்சிடும்" என்றார். நீ என் கையிலிருந்து டேப்பை வாங்கி ஒரே ஒரு முறை அளந்து, "சரியா இருக்கு மாமா, போடுங்க" என்றாய். வேறு யாராவது என் அளவைச் சரிபார்த்து நான் நிம்மதியாக வேலை செய்தது அன்றுதான். இதை அவனோடு செய்திருக்கலாம். ஒருவர் அளந்து மற்றவர் பார்ப்பது எவ்வளவு சின்ன வேலை!

கேரியர் கூரையில் உட்கார்ந்து நான்கு கால்களும் விளிம்பைக் கவ்வியபோது நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். நான் வாஷர் எண்ணுவதுபோலக் குனிந்துகொண்டேன். எண்ணவில்லை.

அணையைப் பற்றி. மதகுக்குக் காவல் இருக்கிறவரிடம் நான் கேட்டதை நீ தள்ளி நின்று கேட்டிருப்பாய். "அஞ்சாம் நம்பர் எப்படி?" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "அஞ்சுக்குன்னு தனியா என்ன சார்? எட்டு மதகும் ஒண்ணுதான். கிரீஸ் வச்சா சத்தமில்லாம ஏறும், வைக்கலேன்னா கத்தும்" என்றார். "ஒழுகுமா?" என்றேன். "தண்ணி சார் அது, எங்க விட்டாலும் கசியத்தான் பாக்கும். எல்லாத்துலயும் கொஞ்சம் கசியும். என்ன, ஆபீசுலேர்ந்து வரீங்களா?" என்றார். இல்லை, சும்மா பார்க்க வந்தோம் என்று சொன்னேன்.

பைக்குள் இருந்த டேப்பை வெளியே எடுத்தேன். கைக்கு எட்டுகிற தூரத்தில் பள்ளம் இருந்தது. நீ பார்த்துக்கொண்டிருந்தாய். அளக்காமல் உள்ளே போட்டுக்கொண்டேன்.

நாற்பத்தைந்து வருடம் நான் பயந்த இடத்தில் பயப்பட ஒன்றும் இல்லை. நான் உண்மையிலேயே தவறு செய்த இடத்தில், அது எனக்குத் தெரியாமலே இருக்கட்டும் என்று ஒருவன் ஏழு மாதம் உழைத்துக்கொண்டிருந்தான். இதை எந்த வரிசையில் வைத்து யோசிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அணையில் மறுநாள் காலை எழுந்ததும் நீ கேட்காமல் விட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். கட்டிலை நாம் இரண்டு பேருமாகத்தான் இறக்கி நீர்க்கரையில் போட்டோம். நான் அதில் படுக்கவில்லை. ஜீப்புக்குப் பக்கத்தில், அவன் தார்ப்பாயை விரித்துத் தரையில் படுத்தேன். விடிந்து பார்க்கும்போது கட்டில்மேல் பனி ஈரம் ஒரே சீராக இருந்தது. யாரும் படுத்த தடம் இல்லை.

எனக்கு இடுப்பு வலிக்கவில்லை. கொஞ்சமாவது வலித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கட்டிலை உன் வீட்டிலேயே விட்டு வந்தது மறதியால் அல்ல.

மாமா

*

செப்டம்பர் 8

மாமாவுக்கு,

ஜீப் போய்விட்டது. கோழிப் பண்ணைக்காரர் கேரியரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது வேணாம்மா, காத்துல சத்தம் போடும், கழட்டிக்குங்க" என்றார். நானே கழற்றினேன். பொருத்த நமக்கு அரை நாள் ஆயிற்று. கழற்றப் பதினைந்து நிமிடம்தான், குறிப்புத்தாளில் சிரிக்கிற மனிதனைப்போல. சிரிப்புதான் வரவில்லை. தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். கூரை மொட்டையாக, சின்னதாகத் தெரிந்தது.

கம்பிகளைப் பட்டறைக்காரர் எடுத்துக்கொண்டார். தகடுகளைக் கொடுக்கவில்லை. நான்கையும் துடைத்து மேசைமேல் வரிசையாக வைத்தேன். இரண்டில் அவர் போட்ட ஓட்டைகள், இரண்டில் நீங்கள் போட்டவை. நீங்கள் போட்டதற்கும் பட்டறைக்காரர் அதே பெயின்டைத் தொட்டு வைத்துவிட்டார் இல்லையா, எது யாருடையது என்று தெரியவில்லை. விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்தேன். லேபில் பார்க்கிற மாதிரி லென்ஸ் வைத்தும் பார்த்தேன். தெரியவில்லை.

இரண்டை இந்தக் கடிதத்தோடு பார்சலில் அனுப்புகிறேன். எவை என்று என்னைக் கேட்காதீர்கள். நீங்களும் அளந்து பார்க்காதீர்கள்.

பதினான்கு காரணங்கள் எழுதிய தாளை உங்களுக்கு அனுப்ப மாட்டேன். அது அவர் எழுத்தும் இருக்கிற தாள். கடைசி வரியை நான் அடிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும். கட்டிலை முன்னறையில் ஜன்னலோரம் போட்டிருக்கிறேன். லேபிலிருந்து வந்ததும் அதில் உட்கார்ந்துதான் ஷூவைக் கழற்றுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் நான் வீட்டில்தான் இருப்பேன். போன் பண்ணுங்கள் மாமா. பேச எதுவும் தோன்றாவிட்டால் பேச வேண்டாம். நான் வைத்துவிட மாட்டேன்.

உங்கள் மருமகள்